லீசிங்கில் எலெக்ட்ரிக் கார்: வன்னி ஓட்டத்துக்கு எது கட்டுபடியாகும்?

வட இலங்கையின் வன்னியில் முழுக் காசையும் கையில் வைத்துக்கொண்டு வாகனம் வாங்குகிறவர்கள் குறைவு. 2009க்குப் பிறகு உழவு இயந்திரம், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் என்று ஊருக்குள் வந்ததில் பெரும்பகுதி லீசிங்கில்தான் வந்தது. இப்போது அதே வழியில் எலெக்ட்ரிக் காரும் வருகிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டார்கள். 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரை போனதையும், கியூஆர் கோட்டைக் காட்டி வரிசையில் நின்றதையும் யாரும் மறக்கவில்லை. ஆகவே வீட்டுக் கரண்டில் ஓடுகிற கார் வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். எந்தக் காரை, எவ்வளவு கடனோடு எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

இங்கே நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மூன்றை: 24 கிலோவாற்று மணி (அதாவது 24 அலகு மின்சாரம் கொள்ளும்) பற்றரியுள்ள பாவித்த நிசான் லீஃப், ஜப்பானிலிருந்து வரும் சின்ன நிசான் சகுரா, புதிய பிவைடி டொல்ஃபின். அளவுகோலாக ஒரு சின்னப் பெற்றோல் காரையும் வைத்துக்கொள்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தவணை முடிவதற்கு முன் பற்றரி முடிந்துபோகக்கூடிய காரை லீசிங்கில் எடுக்கவே கூடாது. விலை, வட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. லண்டனிலோ கனடாவிலோ இருக்கிற சொந்தக்காரர் "நாங்களும் லீசிலதான் எடுத்தனாங்கள், மூண்டு வருசத்தில திருப்பிக் குடுத்திடுவம்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே அந்த முறையில் காரின் விலை இறங்குவதும் பற்றரியின் தேய்வும் கொடுத்தவன் தலையில். காலம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இங்கே லீசிங் அப்படியில்லை. கடைசித் தவணை வரை காரின் முழு உரிமை லீசிங் கம்பனியிடம் இருக்கும். கட்டி முடித்தால் உங்களுடையது. பற்றரி மூன்றாம் வருடம் படுத்தாலும் நான்காம், ஐந்தாம் வருடத் தவணையை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஓடாத காருக்கு மாதாமாதம் காசு கட்டுகிற நிலை ஒரு சம்பளக் குடும்பத்தை என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். காரின் விலைகள் அடிக்கடி மாறுகின்றன. ஆனால் கடனின் கணக்கு மாறாது. ஒவ்வொரு 10 இலட்சம் ரூபா கடனுக்கும், 5 வருடத்துக்கு 14 வீத வட்டியில், மாதத் தவணை ஏறத்தாழ 23,300 ரூபா. கம்பனிக்காரர் "எட்டு வீதம்தான், ஃப்ளாட் ரேட்" என்று சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். ஃப்ளாட் என்றால் முதலில் எடுத்த முழுக் கடனுக்கும் கடைசி வரை வட்டி. 10 இலட்சத்துக்கு வருடம் 80,000 படி ஐந்து வருடத்துக்கு 4 இலட்சம்; மொத்தம் 14 இலட்சத்தை 60ஆல் பிரித்தால் அதே 23,300தான். ஃப்ளாட்டில் எட்டு என்பது குறைந்து செல்லும் நிலுவையில் பதினான்கு. இரண்டு கம்பனிகளை ஒப்பிடும்போது வீதத்தைக் கேட்காதீர்கள். மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்று மட்டும் கேளுங்கள்.

என் மச்சாள் ஒருத்தி வவுனியாவில் இருந்து நெடுங்கேணிப் பக்கம் படிப்பிக்கப் போகிறாள். ஒரு பக்கம் 40 கிலோமீற்றருக்குச் சற்று மேல். போய் வர 88 என்று வைத்தால், பள்ளி நாட்களில் மட்டும் மாதம் 1,900 கிலோமீற்றர். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் காரில், லீற்றர் 300 ரூபாப்படி, 38,000 ரூபா போகும். எலெக்ட்ரிக் காருக்கு 100 கிலோமீற்றருக்கு 16 அலகு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து. அலகுக்கு 60 ரூபா என்று வைத்தால் 18,000 சொச்சம். மிச்சம் கிட்டத்தட்ட 20,000.

அந்த 20,000 எவ்வளவு கடனைத் தாங்கும்? எட்டரை இலட்சத்தை. அதாவது பெற்றோல் காரை விட எலெக்ட்ரிக் காருக்குக் கூடுதலாக எட்டரை இலட்சம் கடன் எடுத்தால் மாதச் செலவு சரிக்குச் சரி. அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு இலட்சமும் சம்பளத்தில் இருந்துதான் போகும். பட்டினத்துக்குள்ளேயே மாதம் 500 கிலோமீற்றர் மட்டும் ஓடுகிற ஒருவருக்கு மிச்சம் வெறும் 5,200. அது இரண்டேகால் இலட்சத்தைக் கூடத் தாங்காது. "பெற்றோல் காசிலேயே தவணை கட்டிவிடலாம்" என்று விற்பனைக்காரர் சொல்லும்போது இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள்.

இங்கேதான் வன்னியின் சிக்கல் வருகிறது. நிறைய ஓடினால்தான் எலெக்ட்ரிக் காரில் லாபம். நிறைய ஓடப் பெரிய பற்றரி வேண்டும். பெரிய பற்றரி என்றால் பெரிய தவணை. இந்த மூன்றுக்கும் நடுவில் நின்றுதான் காரைத் தெரிவுசெய்ய வேண்டும்.

பழைய லீஃப்

கையில் கொஞ்சக் காசோடு இருப்பவர் கண்ணில் முதலில் படுவது இதுதான். நல்ல இருக்கை, சத்தமில்லாத ஓட்டம், குறைந்த விலை. புதிதாக இருந்தபோது 2014, 2015 மாடல் ஒரு முழுச் சார்ஜில் 135 கிலோமீற்றர் ஓடும் என்று அமெரிக்க அளவீடு சொன்னது. ஆனால் லீஃப் பற்றரிக்குத் தனிக் குளிரூட்டல் கிடையாது. வெளிக்காற்றோடு சமாளிக்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் இந்தப் பற்றரிகள் வேகமாகத் தேய்ந்து வழக்கு வரைக்கும் போனது. வவுனியா, மன்னார் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மீற்றரின் ஓரத்தில் பற்றரியின் நிலையைக் காட்டும் 12 சின்னக் கோடுகள் இருக்கும். அதில் எட்டு மிச்சம் இருந்தால் கொள்ளளவு ஏறத்தாழ 66 வீதம். அப்படியானால் முழுச் சார்ஜில் 89 கிலோமீற்றர். மச்சாளின் ஓட்டமே 88! ஏசி போட்டால் திரும்பும் வழியில் புளியங்குளத்தைத் தாண்டி வீடு வரும் முன்னே நின்றுவிடும்.

அந்தக் கோடுகளையும் அப்படியே நம்ப முடியாது. பற்றரியின் கணினியை ரீசெற் செய்தால் தேய்ந்த பற்றரியும் சில நாளைக்குப் பன்னிரண்டு கோடும் காட்டும். பார்க்கப் போகும்போது, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சொக்கெற்றில் செருகி, காரின் கணினியைப் படிக்கிற சின்ன ஓபிடி கருவி ஒன்றையும், போனில் லீஃப் ஸ்பை செயலியையும் கொண்டுபோங்கள். அதில் வரும் ஆரோக்கிய வீதத்தையும், செல்களுக்கிடையே உள்ள வோல்ட்டேஜ் வித்தியாசத்தையும் பாருங்கள். பிறகு முழுச் சார்ஜோடு, ஏசியைப் போட்டு, ஒரு ஐம்பது கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள். எத்தனை வீதம் இறங்கியது என்பது அந்தக் கோடுகளை விட நம்பகமானது. விற்கிறவர் அந்த ஓட்டத்துக்குச் சம்மதிக்கவில்லை என்றால் காரை விட்டுவிட்டு வாருங்கள்.

லீசிங்கில் இதற்கு இன்னொரு பிரச்சினை. பழைய வாகனத்துக்குக் கம்பனிகள் மதிப்பைக் குறைத்துப் போடும், காலத்தையும் சுருக்கும். மூன்று வருடத்துக்குள் கட்ட வேண்டும் என்றால் 10 இலட்சத்துக்கு மாதம் 34,200. தேய்ந்த பற்றரிக்கு இவ்வளவு தவணை கட்டுவது நியாயமே இல்லை. வவுனியா, கிளிநொச்சிப் பட்டினத்துக்குள் ஓட, கைக்காசுக்கு, நல்ல பற்றரியோடு கிடைத்தால் எடுங்கள். கடனுக்கு வேண்டாம். 2017இன் கடைசியில் வந்த 40 கிலோவாற்று மணி லீஃப் வேறு கதை. 240 கிலோமீற்றர் அளவில் ஓடக்கூடியது. ஆனாலும் அதற்கும் அதே வெளிக்காற்றுக் குளிரூட்டல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதே ஓட்டச் சோதனையைச் செய்யுங்கள்.

சகுரா

2022இல் ஜப்பானில் வந்த குட்டிக் கார். நாலு பேருக்கு இடம். 20 கிலோவாற்று மணிப் பற்றரி, 47 கிலோவாற்று மோட்டார். ஜப்பானிய அளவீட்டில் 180 கிலோமீற்றர். ஏசியோடு 120, 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். லீஃப்பை விடச் சின்னப் பற்றரிதான், ஆனால் ஏசியின் குளிர்வாயுவைக் கொண்டே பற்றரியையும் குளிர்விக்கிறார்கள். நம் வெயிலுக்கு இது பெரிய விசயம். இலங்கையில் எலெக்ட்ரிக் காருக்குக் கலால் வரி மோட்டாரின் கிலோவாற்றை வைத்துத்தான். 50க்குள் இருப்பது இதன் விலைக்கு உதவுகிறது.

பிரச்சினை, ஒரு சார்ஜில் ஓடும் தூரம். மச்சாளின் 88 கிலோமீற்றருக்கு இன்று போதும். ஐந்து வருடத்தில் கொஞ்சம் தேயும்போது, மழைநாளில் சுற்றுப்பாதை எடுத்தால் மனம் பதறும். வவுனியாவில் இருந்து யாழ்ப்பாணம் 140 கிலோமீற்றர். ஒரே மூச்சில் போகாது. விரைவுச் சார்ஜுக்குச் சாடெமோ என்ற ஜப்பானிய வகைச் சார்ஜர் தேவை. லீஃப்களால் அந்த வகை இலங்கையில் பழக்கமானதுதான். ஆனால் இடையில் எங்கேயும் சார்ஜர் இல்லை என்று வைத்துக்கொண்டே வன்னிக்குள் ஓட்டத்தைத் திட்டமிடுங்கள். வீட்டில் ஏற்றி வீட்டுக்கே திரும்ப முடிகிற தூரம்தான் கணக்கு. பரந்தனில் இருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் தாதிக்கு இது அருமையான கார். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குத் தினமும் போய்வருபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

டொல்ஃபின்

சின்ன வகையில் 44.9 கிலோவாற்று மணி, ஐரோப்பிய அளவீட்டில் 340 கிலோமீற்றர். ஏசியோடு ஏ9 வீதியில் 270 என்று எடுத்துக்கொள்ளலாம். வேகம் எழுபதைத் தாண்டாமல் ஓடினால் இன்னும் நன்றாகவே வரும். பற்றரி லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகை. வெயிலையும், திரும்பத் திரும்ப முழுதாக ஏற்றுவதையும் லீஃப் பற்றரியை விட நன்றாகத் தாங்கும். பற்றரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீற்றர் என்ற அளவில் உத்தரவாதம் வருகிறது. மச்சாளின் ஓட்டத்தில் ஐந்து வருடத்துக்கு 1,14,000 கிலோமீற்றர். கடைசித் தவணை கட்டும் நாளிலும் உத்தரவாதம் உயிரோடு இருக்கும். மூன்றிலும் இது ஒன்றுக்குத்தான் இப்படிச் சொல்ல முடிகிறது. அதை எழுத்தில், உங்கள் காரின் அடிச்சட்ட இலக்கத்தோடு வாங்குங்கள்.

விலைதான் சுமை. பெற்றோல் காரோடு ஒப்பிட்டால் வரும் வித்தியாசம் எட்டரை இலட்சத்தோடு நிற்காது. அதனால் என் ஆலோசனை: முற்பணத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டுங்கள். நகை அடகு வைத்து முற்பணம் கட்டுவது இதில் சேராது. அது இன்னொரு கடன். கூரையில் சோலார் ஏற்கெனவே இருந்தால் கணக்கு முழுதாக மாறும். பெற்றோலுக்குப் போகும் அந்த 38,000இல் பெரும்பகுதி மிச்சம், கூடுதலாகப் பதினைந்து இலட்சம் வரை கடன் தாங்கும். சோலாரும் கடனில் என்றால் இரண்டு தவணையையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஒப்பம் வைக்க முன்

எந்தக் கார் என்றாலும் வீட்டு வயரிங்கை முதலில் பாருங்கள். வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில் வயரிங் பல்பு, ஃபேன், டிவிக்கென்று செய்தது. காரோடு வரும் சார்ஜர் 10 அம்பியரை ஆறு ஏழு மணித்தியாலம் விடாமல் இழுக்கும். சாதாரணப் பிளக்பேஸ் அந்தச் சூட்டில் ஓரம் பழுப்பாகி, பிறகு உருகத் தொடங்கும். போர்டில் இருந்து தனி வயர், தனி பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான எர்த்: இதற்கான செலவைக் காரின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மாதம் 300 அலகு கூடினால் வீட்டுப் பில் 180 அலகைத் தாண்டி உச்சப் படிக்குப் போய்விடும். இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை குறைந்த கட்டணம் உள்ள நேரவாரிக் கட்டணம் உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்று உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். அந்த ஏழு மணித்தியாலத்தில் 16 அலகு ஏறும். மச்சாளின் ஒருநாள் ஓட்டத்துக்கு அது போதும்.

காப்புறுதியில் வெள்ளம் அடங்குகிறதா என்று பாருங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் எப்படிக் கிடந்தன என்று தெரியும். தண்ணீர் புகுந்த பற்றரியைத் திருத்த இங்கே எல்லா கராஜாலும் முடியாது.

வயல் வருமானத்தில் தவணை கட்டுபவர்கள், காலபோக அறுவடைக்குப் பிறகு பெரிய தவணை, மற்ற மாதங்களில் சின்னத் தவணை என்று அமைக்க முடியுமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். பிந்தினால் என்ன தண்டம், எத்தனை மாதம் தவறினால் வாகனத்தைத் தூக்குவார்கள், முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு வட்டி தள்ளுவார்கள் என்ற மூன்றையும் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிணை நிற்பவருக்கும் அதைக் காட்டுங்கள். மச்சாளுக்கு நான் சொன்னது டொல்ஃபின். அதுவும் முற்பணம் பாதிக்கு மேல் சேர்ந்த பிறகு. அதுவரை அவள் பஸ்சில்தான் போகிறாள்.