உக்ரேனியர்களுக்கு ‘பிஆர்’ எடுத்துத் தருகிறோம் என்பவர்கள்: எங்கள் சம்பந்தியம்மாவுக்கு நடந்தது

கனடாவில் இருக்கும் உக்ரேனியர் ஒருவரிடம், “எல்எம்ஐஏ எடுத்துத் தருகிறேன், அதை வைத்து பிஆர் செய்யலாம்” என்று யாராவது காசு கேட்டால், கதிரையை விட்டு எழும்பி வந்துவிடச் சொல்லுங்கள். பிஆர் என்பது நிரந்தர வதிவிட உரிமை, எல்எம்ஐஏ என்பது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி அரசாங்கத்திடம் வாங்கும் ஒப்புதல். இதை ஏன் தமிழில் எழுதுகிறாய் என்று கேட்கலாம். வேலைத்தளத்திலோ, பேஸ்மென்ட் வாடகையிலோ, எங்களைப் போலக் கலியாண வழியிலோ உக்ரேனியர்களோடு பழகும் தமிழர்கள் ரொறன்ரோவில் இப்போது நிறையப் பேர். அதோடு, இந்த ஆட்கள் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு நாளைக்கு எங்கள் சனத்திடமும் வருவார்கள்.

சம்பந்தியம்மா கார்கிவ் நகரின் சால்டிவ்கா பகுதியில் இருந்தவர். ஷெல்லடி என்றால் என்னவென்று அவர் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 2022 மார்ச் 17இல் கனடா உக்ரேனியர்களுக்கான அவசரத் திட்டத்தைத் தொடங்கியதும் மருமகளே இருந்து விண்ணப்பத்தைப் போட்டாள். ஒரு சதமும் கட்டணம் இல்லை. போலந்துக்குப் போய், வார்சாவில் கைரேகை கொடுத்து, அந்தக் கோடையில் வந்து சேர்ந்தார். மூன்று வருடம் இருக்கலாம், எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம் என்று திறந்த வேலை அனுமதி கிடைத்தது. கொஞ்ச நாளில் ஒரு பேக்கரியில் பெட்டி கட்டும் வேலைக்குப் போய்விட்டார். வயது 58. வீட்டில் சும்மா இருக்கச் சொன்னால் சண்டைக்கு வருவார்.

அந்தத் திட்டம் அகதி அந்தஸ்து அல்ல. முடிவில் பிஆர் தருவதாக அதில் எந்த வாக்குறுதியும் இல்லை. ஏறத்தாழ 3 லட்சம் பேர் அதன் வழியாக வந்து இறங்கினார்கள். மூன்று வருடம் முடிந்தால் என்ன செய்வது என்ற பயம் அத்தனை பேருக்கும் இருந்தது. இந்த ஆட்களுக்கு முதலீடே அந்தப் பயம்தான்.

2023 கடைசியில், தேவாலயத்தில் பழக்கமான ஒருவர் மூலமாக அந்த ஆள் வந்து சேர்ந்தார். பெயரையும் கந்தோரையும் நான் எழுதவில்லை, முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. ஒரு பிளாசாவின் மாடியில் கந்தோர், கண்ணாடியில் நீலமும் மஞ்சளுமாக ஒரு கொடி, உக்ரேனிய மொழியில் நல்ல பேச்சு. சம்பந்தியம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. எங்களுக்கு இதில் புதினம் எதுவும் இல்லை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிடப்பட்ட 155 தமிழரும் காசு கட்டித்தான் வந்தவர்கள். சொந்த மொழி பேசும் ஏஜென்சிக்காரனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

கேட்ட தொகை 12,000 டொலர். பாதியை முதலில் இன்டராக் என்ற வங்கிப் பணப் பரிமாற்றம் வழியாக ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். ஒரு உணவகத்தில் எல்எம்ஐஏ எடுப்பாராம், அதை வைத்து எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறைத் திட்டத்தில் போட்டு ஒரு வருடத்தில் பிஆர் எடுப்பாராம். முதல் பாதி மகனும் மருமகளும் சேர்த்த காசு. இரண்டாவது பாதியில் என்னுடைய காசும் இருக்கிறது.

இதில் எத்தனை பொய் என்று பாருங்கள். எல்எம்ஐஏ என்பது இந்த வேலைக்குக் கனடாவில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி அரசாங்கத்துக்குக் காட்டி எடுப்பது. அதற்கான 1,000 டொலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் அறவிடக் கூடாது. திறந்த வேலை அனுமதி உள்ளவருக்கு வேலை செய்ய அது தேவையே இல்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 45 வயதைத் தாண்டினால் வயதுக்கான புள்ளி பூச்சியம். பெட்டி கட்டும் வேலை அனுபவம் அதில் கணக்கில் சேராது. ஆங்கிலப் பரீட்சை வேறு இருக்கிறது. 58 வயதில், அரைகுறை ஆங்கிலத்தோடு, அந்த வாசலால் சம்பந்தியம்மா உள்ளே போக வழியே இல்லை.

ஆனால் வேறொரு வாசல் அந்த நேரம் முழுக்கத் திறந்து கிடந்தது. என் வயிறு எரிவது அதற்குத்தான். கனடாவில் குடியுரிமையோ பிஆரோ உள்ள நெருங்கிய உறவு இருந்தால், இங்கே வந்துவிட்ட உக்ரேனியர் நேரடியாக பிஆருக்கு விண்ணப்பிக்க ஒரு குடும்ப இணைவுத் திட்டம் 2023 அக்டோபர் 23இல் தொடங்கியது. 2024 அக்டோபர் 22இல் மூடினார்கள். மகள் பிஆர், தாய் இங்கே. பொருந்தியது. எல்எம்ஐஏ வேண்டாம், புள்ளி வேண்டாம்.

மருமகளுக்கு அது தெரியாமல் இல்லை. உக்ரேனியர்களின் டெலிகிராம் குழுவில் பார்த்துவிட்டு 2024 வசந்த காலத்திலேயே அந்த ஆளிடம் கேட்டாள். “அதையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன், இரண்டு பக்கமும் ஓடட்டும்” என்றார். விண்ணப்பம் கிடைத்ததாக ஒரு கடிதத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினார். கணக்கு, கடவுச்சொல் எல்லாம் அவர் கையில். கேட்டபோதெல்லாம் “ஒட்டாவாவில் தாமதம்” என்ற ஒரே பதில்.

வேலை அனுமதியை நீட்டிக்க வேண்டிய நேரம் நெருங்கியபோதுதான் மருமகள் பொறுமை இழந்தாள். “மாமா, நான் நேரே கேட்டுப் பார்க்கப்போகிறேன்” என்றாள். 5 டொலர் கட்டி, தகவல் அறியும் சட்டத்தின்படி தாயின் குடிவரவுக் கோப்பைக் கேட்டு விண்ணப்பித்தாள். வந்த பக்கங்களில் 2022இல் அவள் தானே போட்டது மட்டும் இருந்தது. எல்எம்ஐஏ இல்லை, குடும்ப இணைவு விண்ணப்பம் இல்லை, அந்த ஆளைப் பிரதிநிதியாக நியமித்த படிவம் கூட இல்லை. அதற்குள் கடைசித் திகதி போய்ப் பல மாதம்.

போய்க் கேட்டபோது அவர் கூசவே இல்லை. இன்னும் 4,000 தந்தால் அகதிக் கோரிக்கை போடலாம் என்றார். நல்ல காலம், இந்த முறை முதலில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். அகதிக் கோரிக்கை வைத்தால் கடவுச்சீட்டை எடுத்து வைத்துக்கொள்வார்கள், நிபந்தனையோடு ஒரு வெளியேற்ற உத்தரவும் அப்போதே எழுதப்படும், கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் மனிதாபிமான அடிப்படையில் விண்ணப்பிக்கவும் பொதுவாக 12 மாதம் தடை என்று அந்த அம்மா விளக்கினார். சட்டப்படி வேலை அனுமதியோடு இருப்பவரை அதற்குள் தள்ளுவது படுபாதகம்.

அந்த ஆளின் விசிற்றிங் கார்டில் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் ஒரு உரிம இலக்கம் இருந்தது. குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரி, அதாவது 2021 நவம்பரிலிருந்து அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு, தன் இணையத்தளத்தில் ஒரு பொதுப் பதிவேடு வைத்திருக்கிறது. இலக்கத்தை அடித்துப் பார்த்தால் வேறொருவரின் பெயர் வந்தது. கேட்டால் “அவர் என் பார்ட்னர்” என்றார். அப்படி ஒரு வசதி சட்டத்தில் கிடையாது. குடிவரவு விண்ணப்பத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லக்கூடியவர்கள் மாகாணச் சட்டச் சங்கங்களில் பதிந்த சட்டத்தரணிகளும் பாராலீகல்களும், கியூபெக் நோட்டரிகளும், அந்தக் கல்லூரியில் உரிமம் பெற்ற ஆலோசகர்களும்தான். மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்ப்புக்குக் காசு வாங்கலாம், எந்தத் திட்டத்தில் போடுவது என்று சொல்ல வாங்கக் கூடாது. ஆகவே இலக்கத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தப் பெயரும் எதிரே இருக்கிற ஆளும் ஒன்றா என்று பாருங்கள். பிரதிநிதிப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட மறுத்தால் அங்கேயே கதை முடிந்தது. விண்ணப்பம் போட்டாயிற்று என்றால் அதைக் குடிவரவுத் திணைக்களத்திடமே கேட்டு உறுதிப்படுத்துங்கள். வாட்ஸ்அப் படத்தை நம்பிக் கடைசித் திகதியைக் கடந்துவிடாதீர்கள். காசை உழைத்துக்கொள்ளலாம், மூடின திட்டத்தை யாரும் திறந்து தரப்போவதில்லை.

வேலை அனுமதி நீட்டிப்பை நாங்களே போட்டோம். முடியும் திகதிக்கு முன்னால் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை பழைய நிபந்தனையில் வேலை செய்துகொண்டு இருக்கலாம், அந்த அளவில் நிம்மதி. நிரந்தரமாக இருக்கத்தான் வழி சுருங்கிவிட்டது. பெற்றோரைக் கூப்பிடும் ஸ்பொன்சர் திட்டத்தில் 2025 சுற்று வரைக்கும் 2020இல் பெயர் பதிந்தவர்களையே அழைத்தார்கள். 2020இல் மருமகளுக்கே பிஆர் இல்லை. பெற்றோர் வந்து தங்குவதற்கான சுப்பர் விசாவில் ஒரு வருகைக்கு 5 வருடம் இருக்கலாம், ஆனால் வேலை செய்ய முடியாது, தனியார் மருத்துவக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். மனிதாபிமான விண்ணப்பத்தைப் பற்றிச் சட்டத்தரணி யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கல்லூரிக்கும் எல்லைச் சேவைகள் முகவரகத்துக்கும் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்டராக் பற்றுச்சீட்டுகள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றோடும். போன கிழமை அந்த ஆள் மகனுக்கு ஃபோன் எடுத்து, முறைப்பாட்டை மீளப் பெற்றால் பாதிக் காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். மகன் என்னைப் பார்த்தான், நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். மருமகள் மொழிபெயர்த்து முடிக்கும் முன்னரே அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.