உதட்டுக் கொப்புளம்: களிம்பா, மாத்திரையா?

நான் புல்லாங்குழல் வாசிப்பவன். குழல் பதிகிற கீழுதட்டில்தான் எனக்கு இந்தக் கொப்புளம், அதாவது ஹெர்பெஸ் வைரஸால் வரும் கோல்ட் சோர், கிளம்பும். அதனால் இதற்கான மருந்துகளைக் கொஞ்சம் கறாராகவே எடை போட்டு வைத்திருக்கிறேன்.

முதலில் எல்லோர் கையிலும் கிடைப்பது 5 சதவீத அசைக்ளோவிர் களிம்பு. ஒரு நாளைக்கு 5 முறை, நான்கைந்து நாள் தடவ வேண்டும். எனக்கு எரிச்சல் தரவில்லை, அது ஒரு நல்ல விஷயம். ஆனால் குழலை எடுத்தால் மருந்து பாதி குழலுக்குப் போய்விடுகிறது. துடைத்து, வாசித்து, மறுபடி தடவி... இவ்வளவு பாடுபட்டும் ஆய்வுகளில் தெரிந்த லாபம் ஏறக்குறைய அரை நாள்தான். பென்சிக்ளோவிர் களிம்பு இன்னும் மோசம். மருந்து மோசமில்லை, அட்டவணைதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தடவச் சொன்னால் ஒத்திகை எப்படி நடக்கும்?

டோகோசனால் 10 சதவீதக் களிம்பு வேறு வகை. வைரஸ் செல்லுக்குள் நுழைவதையே தடுக்கப் பார்க்கும். அமெரிக்காவில் 2000-இல் இருந்து மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கிறார்கள். அதன் ஆய்விலும் முக்கால் நாள் அளவுக்குத்தான் முன்னதாக ஆறியது. சீட்டு வாங்க வழியில்லாத நேரத்துக்குச் சரி.

என் ஓட்டு வாலசைக்ளோவிர் மாத்திரைக்கு. 2 கிராம் ஒரு வேளை, 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம். அவ்வளவுதான், ஒரே நாளில் வேலை முடிந்தது. அசைக்ளோவிரை அப்படியே விழுங்கினால் ஐந்தில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வது கடினம். அதோடு வாலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டி வாலசைக்ளோவிர் ஆக்கியதும் பாதிக்கு மேல் சேர்கிறது. அதனால்தான் பழைய அசைக்ளோவிர் மாத்திரை மாதிரி நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கொப்புளம் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக ஆறும். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். மேடை நாள் நெருங்கும்போது பெரிசு. எனக்கு லேசாகத் தலை வலிக்கும், நிறையத் தண்ணீர் குடித்துக்கொள்வேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஃபேம்சைக்ளோவிர் என்று இன்னொன்றும் உண்டு, 1500 மில்லிகிராம் ஒரே வேளை. அதுவும் நல்ல மருந்துதான். வாலசைக்ளோவிரே போதுமாக இருக்கும்போது மாற்ற எனக்குக் காரணம் தெரியவில்லை.

இந்த அசைக்ளோவிர் வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. வைரஸின் சொந்த நொதி ஒன்று அதை முடுக்கிவிட்டால்தான் அது மருந்தாகவே மாறும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதேதான். வைரஸ் இல்லாத செல்லை அது பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. இந்த மருந்து உருவான ஆய்வுக்கூடத்தை நடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் எந்த மாத்திரையானாலும் நேரம் தவறினால் பிரயோசனம் குறைவு. உதட்டில் குறுகுறுப்பும் காந்தலும் தொடங்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். கொப்புளம் எழும்பிய பிறகு தொடங்கினால் பலன் நிரூபிக்கப்படவில்லை என்று வாலசைக்ளோவிரின் மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. குறுகுறுப்பு வந்த பிறகு மருத்துவரைத் தேடிப் போனால் ரயில் போய்விடும். சீட்டை முன்கூட்டியே வாங்கி, மாத்திரையைக் குழல் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

இதில் எதுவும் வைரஸை ஒழிப்பதில்லை. அது முகத்து நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்து, காய்ச்சலோ கடும் வெயிலோ கண்டால் திரும்பி வரும். அடிக்கடி வருகிறவர்களுக்குத் தினமும் 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர் எழுதித் தருவதுண்டு. எனக்கு அந்த அளவுக்கு இல்லை. திறந்தவெளிக் கச்சேரி என்றால் சன்ஸ்கிரீன் கலந்த லிப் பாம் தடவிக்கொள்கிறேன். கொப்புளம் இருக்கும்போது மாணவர்களுக்கு என் குழலைத் தருவதில்லை, கைக்குழந்தை இருக்கும் வீட்டுப் பக்கம் முத்தம் கொஞ்சல் எதுவும் கிடையாது. கண்ணில் வலியோ சிவப்போ வந்தால் மட்டும் மாத்திரைக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.