2,850 ராண்ட் போச்சு: சத்தமில்லாத ஹீட்டர் தேடுகிறவர்கள் கவனிக்கவும்

ஹீட்டர் வாங்கி ஏமாந்த கடையிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். கை இன்னும் நடுங்குகிறது. இந்த ஜூலைக் குளிரில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் நம் ஆட்கள் எத்தனை பேர் ஹீட்டர் வாங்க அலைகிறார்களோ, அதனால் உடனே எழுதுகிறேன்.

பிரசவம் பார்க்க அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். குழந்தைக்கு ஏழு வாரம். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தான் என்று நினைத்து வந்தவர் அம்மா. இந்த ஊர் 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, ராத்திரி பூஜ்யத்தை ஒட்டிக் குளிர் இறங்கும். வீட்டில் இருந்த ஃபேன் ஹீட்டரைப் போட்டால் இரைச்சலில் குழந்தை முழித்துக்கொள்கிறாள், நிறுத்தினால் குளிரில் அழுகிறாள். அதனால் ஃபேன் இல்லாத, உள்ளே எண்ணெயைச் சூடாக்கும் ஆயில் ஹீட்டர் வாங்குவது என்று முடிவு செய்தோம். முடிவு சரிதான். போன இடம்தான் தப்பு.

நகரின் தெற்குப் பக்கம் ஒரு எலெக்ட்ரிக் சாமான் கடை. அம்மாவின் புடவையைப் பார்த்ததும் உள்ளேயிருந்து ஒரு பெரியவர் "வணக்கம் அம்மா, வாங்க" என்று எழுந்து வந்தார். இந்த நாட்டின் நேட்டால் பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பமாம், நாலு தலைமுறையாம், தமிழ் நாலைந்து வார்த்தைதான் மிச்சமாம். எங்களுக்கு அந்த நாலைந்து வார்த்தையே போதுமாக இருந்தது. "நம்ம ஆளுடா, பேரம் பேசாதே" என்று அம்மா என் காதில் சொன்னார். பெரியவர் 11 ஃபின் (சூட்டைப் பரப்பும் தகடு) உள்ள 2,500 வாட் ஹீட்டர் ஒன்றைப் போட்டுக் காட்டினார். காதை வைத்துக் கேட்டேன், மூச்சுச் சத்தம்கூட இல்லை. கார்டு மெஷின் வேலை செய்யவில்லை தம்பி என்றார். ரொக்கமாக 2,850 ராண்ட் எண்ணிக் கொடுத்தேன். டேப் ஒட்டிய பெட்டியை அவரே தூக்கி வந்து காரில் வைத்தார். பில்லில் கையால் "ஹீட்டர் 1" என்று மட்டும் எழுதியிருந்ததை நான் பார்த்தேன், பார்த்தும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் பிரித்தால் 7 ஃபின். பின்பக்க ஸ்டிக்கரில் 1,500 வாட். போதாததற்கு முதுகில் ஒரு குட்டி ஃபேன்! அதை அணைத்தால் நடுநிசி வரை அறை சூடாகவில்லை, போட்டால் பழைய இரைச்சலேதான். மூன்றாம் நாள் எண்ணெய் வாடை வந்தது. காலையில் பார்த்தால் டைல்ஸில் கறை. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

போன் செய்தேன். புதுசு, அப்படித்தான் இருக்கும் என்றார். அடுத்த நாள், காட்டியதும் கொடுத்ததும் ஒரே மாடல்தான் என்றார். அப்புறம் டர்பன் நகரத்தில் இருக்கிற சப்ளையரைக் கேட்க வேண்டும் என்றார். அதற்கும் அப்புறம், "பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே" என்று என்மேலேயே பழி. பிரிக்காமல் எப்படி ஹீட்டர் போடுவது? பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான். இன்று நேரில் போனால் கல்லாவில் ஒரு பையன், பெரியவர் ஊரில் இல்லை என்கிறான். அவர் குரல் பின்னறையில் கேட்கிறது! இந்த நாட்டின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதான பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பது வாங்கியவர் இஷ்டம் என்று போனில் காட்டினேன். அதெல்லாம் பெரிய மால்களுக்கு என்றான். இல்லை, எல்லாக் கடைக்கும்தான். நாளை நுகர்வோர் குறைதீர்ப்பாளருக்கு எழுதப் போகிறேன். 2,850 ராண்டை விடுவதாக இல்லை.

"நான்தானே நம்ம ஆளுன்னு சொன்னேன்" என்று அம்மா மத்தியானம் சாப்பிடவே இல்லை.

படுக்கையறைக்கு ஹீட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபேன் இல்லாத ஆயில் ஹீட்டர்தான் அமைதி, ஆனால் அதிலும் சூடேறும்போது தகடு டிக் டிக் என்னும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் டக் என்னும். அதனால் கால் மணி நேரமாவது ஓடவிட்டுக் கேளுங்கள். கரண்ட் மிச்சம் பிடிக்கும் ஹீட்டர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 1,500 வாட் எந்தப் பெட்டியில் இருந்தாலும் மணிக்கு ஒன்றரை யூனிட்தான், அதே சூடுதான். மல்டிபிளக்கில் செருகாதீர்கள், நேராகச் சுவர் பிளக்கில்தான். உங்கள் பெட்டியைக் கடையிலேயே பிரித்து ஸ்டிக்கரைப் பாருங்கள், மாடல் நம்பர் பில்லில் ஏறட்டும். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்றால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள்.