அலைவழிகாட்டிக்கு பி.பி.எம்.மா, எவ்.டி.ரி.டி.யா?

யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்தபடி, 8 ஜிபி மெமரி உள்ள லப்டொப்பில், இறுதியாண்டு ஆய்வுக்காக ஒரு சிலிக்கா அலைவழிகாட்டியை, அதாவது ஒளியை உள்ளே அடைத்துக் கொண்டுபோகும் கண்ணாடிப் பாதையை, கணித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒளியை இரண்டாகப் பிரிக்கும் Y வடிவப் பிரிப்பான், நீளம் 1 சென்ரிமீற்றர். கம்பஸில் யாரைக் கேட்டாலும் முதலில் எவ்.டி.ரி.டி. (FDTD) என்றுதான் சொல்வார்கள், இடத்தையும் நேரத்தையும் சிறு கட்டங்களாக வெட்டி ஒளியைக் கணிக்கும் முறை அது. நான் எடுத்தது பி.பி.எம். (BPM) என்கிற கற்றைப் பரவல் முறை.

எவ்.டி.ரி.டி.யின் பெருமை தெரிந்ததுதான். கேன் யீ 1966இல் தந்த கட்டத்தில் ஒளியின் மின், காந்தப் புலங்களை விவரிக்கும் மக்ஸ்வெல் சமன்பாடுகளை நேரத்தோடு சேர்த்து அப்படியே தீர்க்கும். தெறிப்பு, சிதறல் எல்லாம் தானாக வரும். ஒரே ஓட்டத்தில் பல அலைநீளங்களுக்கு விடை கிடைக்கும். இதை ஓட்டும் மீப் (Meep) மென்பொருளும் இலவசம்.

மெமரியில்தான் இடிக்கிறது. 1.55 மைக்ரோமீற்றர் ஒளி சிலிக்காவுக்குள் சுமார் 1.07 மைக்ரோமீற்றராகச் சுருங்கும். அதற்கு 50 நனோமீற்றர் கட்டம் போட்டால் அலைநீளத்துக்கு ஏறக்குறைய 20 புள்ளி. குறுக்குவெட்டு 30க்கு 30 மைக்ரோமீற்றர் என்றால் 600 × 600 × 2,00,000, அதாவது 7,200 கோடிப் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் மின், காந்தப் புலக்கூறுகள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் 4 பைட். பெருக்கினால் 1.7 ரெராபைட்! கட்டத்தைப் பாதியாக்கினால் மெமரி 8 மடங்காகும். நேரப்படியும் பாதியாக வேண்டும் என்பதால் வேலை 16 மடங்கு.

பி.பி.எம். இந்தச் சுமையைத் தூக்குவதே இல்லை. வேகமாக ஆடும் அலையைப் பிரித்து வைத்துவிட்டு, அதன் மெல்ல மாறும் வீச்சை மட்டும் ஒவ்வொரு குறுக்குவெட்டாக முன்னே தள்ளும். ஃபைட்டும் ஃபிளெக்கும் 1978இல் ஒளியிழைகளுக்குச் செய்து காட்டியது இதைத்தான். கையில் எப்போதும் ஒரு வெட்டுத்தான் இருக்கும்: 600 × 600 சிக்கலெண்கள், 6 மெகாபைட்டுக்குள். இடைக்கணக்குகளுக்கு இன்னும் கொஞ்சம். 1 மைக்ரோமீற்றர் படி வைத்தால் 10,000 படிகளில் முடிந்துவிடும். கடைசி வெட்டைச் சேமித்து வைத்தால் போதும், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சரி, இதற்கு விலை இல்லையா? இருக்கிறது. சாதாரண பி.பி.எம்.முக்கு ஒளி முன்னே மட்டும்தான் போகும். திரும்பி வருவது அதன் கண்ணில் படாது. அச்சிலிருந்து பெரிய கோணத்தில் விலகும் ஒளியிலும் பிழை கூடும். ஹாட்லி என்பவர் தந்த அகல்கோணத் திருத்தம் அதைக் குறைக்கும். வேகமாக ஆடும் அலையைப் பிரிக்க நீங்கள் தெரிவுசெய்த அடிப்படை முறிவுச்சுட்டியை (ஒளி ஒரு பொருளில் எத்தனை மடங்கு மெதுவாகிறது என்ற எண்) சற்று மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். விடை ஆடினால் நம்ப வேண்டாம். சிலிக்காவில் ஒளி செல்லும் உள்ளகத்துக்கும் அதைச் சுற்றியுள்ள உறைக்கும் முறிவுச்சுட்டி வித்தியாசம் சிறியது, பிரிப்பான் கிளைகளின் கோணமும் சிறியது. அதனால் எனக்கு இது பொருந்தியது.

ஐகன்மோட் விரிவாக்கம் என்ற மூன்றாவது முறையைச் சின்ன மாதிரிகளில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். ஒரே குறுக்குவெட்டு நீளத்துக்கும் மாறாமல் தொடரும் அமைப்புகளில் வேகம் நன்றாக இருந்தது, அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஒளி வளையமாகச் சுற்றும் சிலிக்கன் வளையப் பரிவியோ, ஒளியைத் திருப்பி அனுப்பும் பிராக் கிரேட்டிங்கோ உங்கள் தலைப்பு என்றால் பி.பி.எம். பக்கம் வராதீர்கள். அமைப்பு சில பத்து மைக்ரோமீற்றருக்குள் அடங்கினால் இருபரிமாண எவ்.டி.ரி.டி. இதே லப்டொப்பில் ஓடும்.