14 மாத பேக்கப்பில் மிஞ்சியது மெயில் மட்டும்

லினக்ஸ் சர்வரில் பேக்கப் எடுக்க, காந்த நாடாவில் டேட்டாவை எழுதும் டேப் டிரைவ் பொருத்தித் தர வெளியாள் யாரையாவது கூப்பிடப் போகிறீர்களா? பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். முழுப் பணத்தையும் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, 14 மாதம் கழித்து விழித்துக்கொண்டவன் நான்.

டிரைவ் எல்டிஓ-6 ரகம், பழையது. "அதிகம் ஓடாதது சார்" என்றார் பொருத்த வந்தவர். முதல் வாரமே ஆரஞ்சு விளக்கு எரிந்தது. கேட்டால், "அது அப்படித்தான் சார் எரியும்." கிளீனிங் கார்ட்ரிட்ஜ் போடச் சொல்லும் விளக்கு அது. அவர் கொடுத்த சாமான்களில் அந்தக் கார்ட்ரிட்ஜே இல்லை. ஒரு டேப்பில் 6.25 டிபி (டெராபைட்) பிடிக்கும் என்று கொட்டேஷனில் போட்டிருந்தார். டேட்டா இரண்டரை மடங்கு சுருங்கினால்தான் அந்தக் கணக்கு. உண்மையில் பிடிப்பது 2.5 டிபி. எங்களிடம் இருப்பதில் பாதி ஏற்கெனவே சுருக்கிய படங்கள். சரி, இதெல்லாம் சில்லறை விஷயம்.

வயிறு எரிவது அவர் எழுதிய ஸ்கிரிப்டை நினைத்தால்தான். இரவு 11 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் க்ரான், ஃபைல்களை ஒரே கட்டாகச் சேர்த்து எழுதும் டார் கட்டளைகள் மூன்றை வரிசையாக ஓட்டும்: டேட்டாபேஸ் டம்ப் (அதன் நகல்), ஹோம் ஃபோல்டர்கள், கடைசியாக மெயில். மூன்றையும் எஸ்டி0-வுக்கு அனுப்பியிருந்தார். லினக்ஸில் ஒரே டிரைவுக்கு எஸ்டி0, என்எஸ்டி0 என்று இரண்டு பெயர் உண்டு. எஸ்டி0 வழியாக எழுதினால், வேலை முடிந்ததும் டேப் தானாக ஆரம்பத்துக்கே சுற்றிக்கொள்ளும். என்எஸ்டி0 என்றால் முடித்த இடத்திலேயே நிற்கும். ஆக, ஒவ்வொரு இரவும் டேட்டாபேஸ் மேல் ஹோம் ஏறியது, ஹோம் மேல் மெயில் ஏறியது. பிழைச்செய்தி ஒன்றும் வராது. டாரைப் பொறுத்தவரை மூன்றுமே ஒழுங்காக முடிந்த வேலைகள். நானும் திங்கள், செவ்வாய் என்று லேபிள் ஒட்டி, ஐந்து டேப்பையும் நாள் தவறாமல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

கணக்குப் பிரிவில் ஒருவர் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு வந்து நின்றார். "கவலைப்படாதீங்க, டேப்பில் இருக்கு" என்றேன். புதன்கிழமை டேப்பைப் போட்டு, இரண்டாவது ஆர்க்கைவுக்கு, அதாவது டார் எழுதிய இரண்டாவது கட்டான ஹோமுக்கு, தாண்டச் சொல்லி, டேப்பை நகர்த்தும் எம்டி கட்டளையில் எஃப்எஸ்எஃப் 1 கொடுத்து, டார் பட்டியல் கேட்டேன். வந்தது இன்புட் அவுட்புட் எரர். ரீவைண்ட் செய்து முதலாவதைப் பார்த்தால், அங்கே இருந்ததே மெயில்தான். மற்ற நான்கு டேப்பிலும் அதே கதை.

மெயில் சின்னதுதானே, அதற்கு அப்பால் பழைய டேட்டா மிச்சம் இருக்குமே என்று ஒரு நப்பாசை. டேப்பில் அது நடக்காது. கடைசியாக எழுதிய இடத்தில் 'டேட்டா இத்தோடு முடிந்தது' என்ற அடையாளம் விழுந்துவிடும். டிரைவ் அதைத் தாண்டிப் படிக்காது.

டிரைவ் பொருத்தியவருக்குப் போன் போட்டேன். "பேக்கப் தினமும் ஓடுதுல்ல சார்? ரீஸ்டோர் தனி வேலை, அதுக்குத் தனியா சார்ஜ்" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

பொருத்திய அன்று அவர் சோதித்தும் காட்டினார், அதுதான் கொடுமை. ஒரே ஒரு டாரை ஓட்டிப் பட்டியலைக் காட்டினார், நானும் தலையாட்டினேன். உங்கள் ஆளிடம் எல்லா வேலைகளையும் வரிசையாக ஓட்டச் சொல்லுங்கள். டேப்பை வெளியே எடுத்துத் திரும்பப் போட்டு, நடுவில் இருக்கும் ஆர்க்கைவிலிருந்து நீங்கள் கைகாட்டும் ஒரு ஃபைலை உங்கள் கண்முன் மீட்டுத் தரட்டும். அதுவரை பாக்கிப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

இப்போது ஸ்கிரிப்டை நானே மாற்றிவிட்டேன்: முதலில் ரீவைண்ட், மூன்று டாரும் என்எஸ்டி0-வுக்கு, பிறகு ஒவ்வொன்றின் பட்டியலையும் படித்துப் பார்த்துவிட்டு டேப்பை வெளியே தள்ளும். அந்தக் கணக்கு ஃபோல்டரில் பாதியை, ஆடிட்டருக்கு அவ்வப்போது அனுப்பிய மெயில்களின் இணைப்புகளிலிருந்து பொறுக்கி எடுத்தோம். மீதி பாதியைக் கணக்குப் பிரிவுக்காரர் இன்னும் பில்களைப் பார்த்து உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறார்.