எட்டில் ஒரு பங்கு: ஸ்பெயின் வீடா, கொக்குவில் வளவா?

போன மாதம் லண்டனிலிருந்து அத்தான் வட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தார். முப்பத்திரண்டு பக்கம். முதல் இருபது பக்கமும் நீச்சல் குளம். "தம்பி, நீ உறுதி வாசிக்கிற ஆள். இதை ஒருக்கா வாசிச்சுப்போட்டுச் சொல்லு" என்று குரல் பதிவும் கூடவே வந்தது. அங்கே வீடு கட்டி விற்கிற நிறுவனம் ஒன்று ஸ்பெயின் கடற்கரையில் விடுமுறை வீடுகளைக் கட்டி, ஒவ்வொன்றையும் எட்டுப் பங்காக்கி விற்கிறது. ஒரு பங்கு 120,000 பவுண்ஸ். பங்குக்கு ஆண்டில் 45 இரவு தங்கலாம். பராமரிப்புக்கென்று ஆண்டுக்கு 4,000 பவுண்ஸ் தனியாகக் கட்ட வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் காணி உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசுக் கந்தோரில் எழுதுவினைஞன். "பிரிவுபடாத எட்டில் ஒரு பங்கு" என்று மாதத்தில் நாலு தடவையாவது தட்டச்சுச் செய்கிற கை இது. அத்தானுக்கு நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் காசுக்கு வேறு என்னென்ன கிடைக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில், வீடு கட்டுகிறவர் ஏன் பங்கு விற்க வருகிறார்? அத்தான் விசாரித்த அளவில் அதே வரிசையில் முழுதாக விலைப்பட்ட வீடு ஒன்று 800,000 பவுண்ஸ். எட்டுப் பங்கையும் கூட்டினால் 960,000. தளபாடம், சட்டச் செலவு எல்லாம் அதற்குள் அடக்கம் என்கிறார்கள். இருக்கலாம், ஆனாலும் கட்டில் மெத்தைக்கு 160,000 பவுண்ஸ் செலவாகாது. அதைவிட முக்கியமானது அந்த 4,000. வீட்டை முழுதாக விற்றால் திறப்பைக் கொடுத்ததோடு உறவு முடிந்தது. பங்காக விற்றால் வருடா வருடம் எட்டு வீட்டுக்காரர் கட்டுகிற காசு வந்துகொண்டே இருக்கும். முழு வீடு வாங்க ஆள் குறைகிற காலத்தில் துண்டாக்கினால் விலைப்படும் என்பதும் ஒரு காரணம். இதில் களவு ஒன்றுமில்லை. வியாபாரம். ஆனால் விற்கிறவரே பிறகு முகாமையாளராகவும் இருக்கப்போகிறார் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பங்கு எதில்?

பிடிஎஃபின் 27 ஆம் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது, பொடி எழுத்தில். அத்தான் வாங்கப்போவது வீட்டின் எட்டில் ஒரு பங்கு அல்ல. அந்த வீட்டை வைத்திருக்கும் ஒரு கம்பனியின் எட்டில் ஒரு பங்கு. அமெரிக்காவில் 2020 இல் தொடங்கிய பகாசோ என்ற நிறுவனமும் இந்த வழியில்தான் விற்கிறது: ஒரு வீட்டுக்கு ஒரு கம்பனி, அதில் எட்டுப் பங்கு. அப்படி விற்கும்போது காணிப் பதிவேட்டில் உங்கள் பெயர் இராது, கம்பனியின் பெயர்தான் இருக்கும். ஸ்பெயினில் வாங்க நினைக்கிறவர் 'நோட்டா சிம்ப்ளே' என்ற சிறு பதிவுச் சாற்றை எடுத்து, வீடு யார் பெயரில் இருக்கிறது, அதன் மேல் ஈடு உண்டா என்று பார்க்கலாம். எங்கள் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்ப்பது மாதிரித்தான். அதை எடுக்காமல் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம் என்று அத்தானுக்கு முதலாவதாக எழுதினேன்.

டைம்ஷெயர், அதாவது விடுமுறை வீட்டில் வாரக் கணக்கில் தங்கும் உரிமையை விற்பது, இதன் மூத்த அண்ணன். சுவிஸில் 1963 இல் ஹபிமாக் என்ற நிறுவனம் அதைத் தொடங்கியது. 1980களில் பிரித்தானிய வீடு கட்டும் நிறுவனமான பாரட்கூட ஸ்கொட்லாந்திலும் ஸ்பெயினிலும் வாரக் கணக்கில் விற்றது. ஆகவே வீடு கட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் வருவது இன்று நேற்றைய கதையில்லை. டைம்ஷெயரில் உங்களிடம் பொதுவாக இருப்பது தங்கும் உரிமை மட்டும்; வீட்டின் விலை ஏறினாலும் உங்களுக்கு ஒன்றுமில்லை, பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஏறும். விட்டுவிடலாம் என்றால் வாங்க ஆளிருக்காது. ஸ்பெயினில் முடிவே இல்லாத டைம்ஷெயர் ஒப்பந்தங்கள் பிரச்சினையாகி, 50 ஆண்டு உச்ச வரம்பை மீறிய ஒப்பந்தங்கள் செல்லாது என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 2015 இல் சொல்ல வேண்டி வந்தது. பங்கு வீடு இதைவிட ஒரு படி மேல்: வீடு விலைப்பட்டால் எட்டில் ஒன்று உங்கள் கைக்கு வரும். டைம்ஷெயரை இதோடு வைத்து ஒப்பிடுவதற்கே தகுதியில்லை என்பது என் எண்ணம். இரண்டில் எது என்று கேட்டால் யோசிக்காமல் பங்கு வீடு.

ஆனால் டைம்ஷெயர்காரருக்கு ஒரு கவசம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 ஆம் ஆண்டு நெறிமுறைப்படி கையெழுத்து வைத்த பிறகும் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த நாட்களுக்குள் விற்பவர் முற்பணம் வாங்கவும் கூடாது. கம்பனிப் பங்காக எழுதிய ஒப்பந்தத்துக்கும் அது பொருந்துமா என்பதை அத்தான் தன் சட்டத்தரணியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். விற்கிறவர் காட்டுகிற சட்டத்தரணியிடம் அல்ல.

ஆவணி மாதம் ஒன்றுதான்

அத்தானின் கணக்கு எளிது: "45 இரவு ஹொட்டேலில் நிண்டால் எவ்வளவு முடியும்?" சரி, கணக்கை முழுதாகப் போடுவோம். 120,000 பவுண்ஸை வங்கியில் நாலு வீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 4,800 வரும். அது இல்லாமல் போகிறது. பராமரிப்பு 4,000. மொத்தம் 8,800. 45 இரவும் தங்கினால் இரவுக்கு 196 பவுண்ஸ் அளவில் விழும். கடல் தெரிகிற நாலு அறை வீட்டுக்கு அது மோசமில்லை.

45 இரவு யார் போய்த் தங்குவது? பிரித்தானியாவில் முழுநேர வேலைக்காரருக்குச் சட்டப்படி உள்ள லீவு ஆண்டுக்கு 28 நாள். வங்கி விடுமுறைகளையும் அதற்குள் அடக்கலாம். அதில் பத்து நாளாவது ஊருக்கு வரவே போய்விடும். நல்லூர்க் கொடி ஏறினால் அக்கா லண்டனில் நிற்க மாட்டா. மிஞ்சியதில் இரண்டு கிழமை ஸ்பெயின் என்று வைத்தால், 8,800ஐ 14 ஆல் பிரியுங்கள்: இரவுக்கு 629 பவுண்ஸ். அந்தக் காசுக்கு அதே கடற்கரையில் அதே மாதிரி வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மிஞ்சுகிறதில் ஆட்டிறைச்சிக் கறியும் வைக்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் வேறு ஊர்.

இன்னொன்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற எட்டுக் குடும்பம் என்றால் எட்டுக்கும் ஓகஸ்ட்தான் வேண்டும். ஓகஸ்ட்டில் நாலு கிழமைதான் இருக்கிறது. "சுழற்சி முறையில் நியாயமாகப் பகிரப்படும்" என்று பிடிஎஃப் சொல்கிறது. இரண்டு கிழமை ஒன்றாக வேண்டுமென்றால் ஒரு வருட ஓகஸ்ட்டில் இரண்டே குடும்பம். உங்கள் முறை நாலு வருடத்துக்கு ஒருக்கா வரும். பென்ஷன் எடுத்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. மாசியிலும் போவார், ஐப்பசியிலும் போவார். பங்கு வீடு உண்மையில் அவருக்காகச் செய்த சட்டை.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அக்காவுக்கு ஒரு ஆசை. அம்மாவிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும். வீட்டில் பங்கு இருக்கிறது என்பதற்காக விசா தந்துவிட மாட்டார்கள். முழு வீடு வாங்கினால் வதிவிடம் தந்த காலமும் போய்விட்டது: போர்த்துக்கல் 2023 இல் வீடு வாங்குவோருக்கான அந்த வழியை மூடியது, ஸ்பெயின் 2025 ஏப்ரலில் மூடியது.

முழு வீட்டைத் தனியாக வாங்குவது பற்றி அதிகம் எழுதவில்லை. அத்தானிடம் அந்தக் காசு இல்லை. இருந்தாலும் ஸ்பெயினில் புது வீட்டுக்கு 10 வீதம் வற் வரி, அதன் மேல் முத்திரைச் செலவு, ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்க்க ஆள். பூட்டிய வீடு என்னவாகும் என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே ஒழுங்கைக்கு இரண்டு வீடு கறையான் தின்றுகொண்டு நிற்கிறது.

கிணற்றுப் பங்கு

எங்கள் கொக்குவில் வளவின் கிணறு நாலு பங்கு. உறுதியில் "கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்" என்று அழகாக எழுதியிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் மாரியில் கிணற்றுக்கட்டு ஒரு பக்கம் சரிந்தது. மேசன் கூலி, சீமெந்து, கல், எல்லாவற்றையும் நாலாகப் பிரிக்க வேண்டும். ஒருவர் அன்றைக்கே தந்தார். கனடாவில் இருக்கிற ஒருவர், "நான் அந்தத் தண்ணியே குடிக்கிறதில்லை, எனக்கு என்ன செலவு?" என்றார். நாலாவது பங்காளி காலமாகி ஐந்து பிள்ளைகள். அவருடைய நாலில் ஒன்று இப்போது ஆளுக்கு இருபதில் ஒன்று. இருபதில் ஒரு கிணற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைசியில் நானே கட்டினேன். கனடாக் காசு இன்னும் வரவில்லை.

ஸ்பெயின் வீட்டிலும் இதே கதைதான், அங்கே எட்டுப் பேர், முகம் தெரியாதவர்கள். ஒருவர் கட்டணம் கட்டாவிட்டால்? ஒருவர் இறந்து பங்கு நாலு பிள்ளைக்குப் போனால்? இதற்கு அந்தப் பிடிஎஃப் எங்கள் கிணற்றைவிட நல்ல பதில் வைத்திருக்கிறது: கட்டாதவரின் இரவுகளை நிறுத்தி வாடகைக்கு விட்டு எடுத்துக்கொள்வார்கள், ஒரு பங்கை ஒரு பெயரில்தான் வைத்திருக்கலாம். மனதார ஒத்துக்கொள்கிறேன், எங்கள் கிணற்றுக்கும் இப்படி ஒரு கடுதாசி இருந்திருந்தால் நான் சீமெந்துக்கடையில் கடன் சொல்லியிருக்க மாட்டேன்.

வெளியேறுகிற வழியில்தான் நிலைமை மாறுகிறது. தேசவழமை, ஒல்லாந்தர் 1707 இல் எழுதி வைத்த எங்கள் வழக்கச் சட்டம், பங்கை வெளியாளுக்கு விற்க முன் பங்காளிக்கு அறிவிக்கச் சொல்கிறது. பங்காளி வாங்காவிட்டால் நீங்கள் விரும்பியவருக்கு விற்கலாம். விற்கவும் முடியாமல் சேர்ந்திருக்கவும் முடியாமல் போனால் 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரிவிடல் வழக்குப் போடலாம். நீதிமன்றம் பிரித்துத் தரும், அல்லது விற்றுக் காசைத் தரும். வருடக்கணக்கில் இழுபடும்தான். ஆனால் சாகும்வரை மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. கம்பனிப் பங்கில் அந்தக் கதவு இல்லை: வீடு கம்பனியுடையது, அதைப் பிரித்துத் தா என்று நீங்கள் கேட்க முடியாது. பிடிஎஃப்படி, பங்கை விற்பதென்றால் அதே நிறுவனத்தின் மூலம்தான் விற்க வேண்டும், தரகுக் காசும் அவர்களுக்கே. அவர்களிடம் விலைப்படாத புதுப் பங்குகள் கிடக்கும்போது உங்கள் பழைய பங்கை யார் முன்னுக்கு வைப்பார்கள்?

இங்கே போட்டால்?

120,000 பவுண்ஸுக்கு இங்கே பழைய வீட்டின் ஓட்டை மாற்றி, குளியலறை வைத்த இரண்டு அறை கட்டி, பிறகும் மிச்சம் இருக்கும். ஆனால் அத்தான் பிரித்தானியப் பிரசை. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு இங்கே காணி எழுதிக் கொடுக்க முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை இருந்தால் அல்லது முதுசமாக வந்தால் வேறு கதை. அக்கா இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டை விடவில்லை, வளவில் பாதி அவவின் சீதனம். ஆகவே உறுதி அவவின் பெயரில் ஏற்கனவே இருக்கிறது. புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. காசு திரும்பி வருமா என்றால் வராது. கொக்குவிலில் கட்டுகிற வீடு முதலீடு இல்லை, செலவு. அதைச் செலவு என்று தெரிந்தே செய்யலாம். ஸ்பெயின் பங்கை முதலீடு என்று சொல்லி விற்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே இருக்கிற எங்களுக்கு இந்தத் தெரிவுகளில் பாதி கிடையாது. வெளிநாட்டில் சொத்து வாங்க இங்கிருந்து காசு அனுப்புவதற்கு 2020 இல் இறுக்கமான கட்டுப்பாடு வந்தது. கொடைக்கானலில் ஒரு சின்ன வீடு என்று கனவு கண்டாலும், இலங்கைப் பிரசை ரிசேர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வீடு வாங்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டும் எடுக்கலாம். பலாலியில் ஏறி சென்னையில் இறங்கி லொட்ஜில் தங்குவதுதான் எங்கள் பங்கு வீடு.

அத்தானுக்கு எழுதியது இதுதான்: இன்னும் ஆறு வருடம் வேலை இருக்கிறது, அதுவரை வாடகைக்கு எடுங்கோ. பென்ஷனுக்குப் பிறகும் ஆசை இருந்தால், புதுப் பங்கு வாங்காமல் யாராவது விட்டுவிட்டுப் போகிற பழைய பங்கைத் தேடுங்கோ. அது என்ன விலைக்குக் கிடைக்கிறதோ அதுதான் உண்மை விலை. இப்போதே வாங்கத்தான் வேண்டுமென்றால் நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கோ. எட்டுப் பேரில் ஐந்து பேர் சேர்ந்தால் முகாமையாளரை மாற்றலாமா? முழு வீட்டையும் விற்க எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும்? இதுவரை மறுபடி விலைப்பட்ட பங்குகள் எத்தனை, என்ன விலைக்கு?

அத்தான் மூன்றையும் அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினார். நாலு நாளில் பதில் வந்தது. குளிர்காலத்திலும் நீச்சல் குளத்தைச் சூடாக்கித் தருவார்களாம்.