மலையக வாசலுக்கு எவ்வளவு கூரை? பல பருவம் புழங்கிய பின் தெரிபவை

கொழும்புப் பக்கத்தில் வரையப்படும் வாசல் (வீட்டு முற்றம்) திட்டங்களில் நிழலுக்குத்தான் முதலிடம். அதே படத்தை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கட்டினால், முதல் மழைக்காலம் முடிவதற்குள் அந்த இடம் விறகு அடுக்கும் மூலையாகிவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். அங்கே ஆட்கள் தேடி உட்காருவது வெயிலில். கூரை மழைக்கும், உச்சிவெயிலின் இரண்டு மூன்று மணி நேரத்துக்கும் போதும். 20 அடிக்கு 15 அடி வாசலில் 10க்கு 10 அடி கூரை தாராளம். மிச்சத்தைத் திறந்தே விடுங்கள். துணி காயவும் அந்த இடம்தான் வேண்டும்.

எந்தப் பக்கம் மூடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மேற்குச் சரிவான ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை சாய்ந்தடிக்கும். அங்கே மேற்கை மறைத்து, கிழக்கைத் திறந்து விட வேண்டும். பிற்பகலில் மூடுபனியே நிழல் போட்டுவிடுவதால் மேற்கு வெயில் பெரிய தொல்லை இல்லை. பண்டாரவளையில் கதை வேறு. தென்மேல் பருவத்தில் அங்கே வறண்ட காற்றும் மாலை வெயிலும். பதுளை, பசறைப் பக்கம் டிசம்பர் மழை வடகிழக்கிலிருந்து வரும்.

சூரியன் நகர்வதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாம் இருப்பது ஏறக்குறைய 7 பாகை வட அகலாங்கில். டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 30 பாகை தெற்கே சரியும். ஜூனில் 16 பாகை வடக்கே. 8 அடி உயரக் கூரையின் நிழல் டிசம்பரில் நாலரை அடி வடக்கே தள்ளி விழும், ஜூனில் இரண்டு அடிக்குச் சற்று மேல் தெற்கே வரும். ஆகவே தெற்கு பார்த்த வீட்டில் சீமெந்து இருக்கையைக் கூரையின் தெற்கு விளிம்பிலிருந்து 2 அடி உள்ளே கட்டினால் ஜனவரிக் குளிரில் மதிய வெயில் கிடைக்கும், ஜூனில் நிழல் கிடைக்கும். நடு மத்தியில் கட்டிய இருக்கை அழகாக இருக்கும். குளிர்காலத்தில் யாரும் உட்காருவதில்லை.

கூரைக்கு, நடுவே குழல்கள் ஓடும் இரட்டைச் சுவருள்ள 6 மில்லிமீற்றர் பொலிகாபனேட் (பிளாஸ்டிக்) சீட்டே என் தெரிவு. அமானோ தகரம் விலை குறைவுதான். ஆனால் தெளிவான இரவுகளில் தகரம் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. விடியற்காலையில் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டுகிறது. மழைச் சத்தத்தில் பேச்சும் கேட்காது. பொலிகாபனேட்டில் குறுக்குச் சட்டம் 2 அடிக்கு ஒன்று, சரிவு அடிக்கு 2 அங்குலம். சரிவை அதைவிடக் குறைத்தால் சவுக்கு (சில்வர் ஓக்) இலை தங்கி, பாசி பிடித்து, கறுத்துவிடும். புற ஊதாப் பூச்சுள்ள முகம் மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் சில ஆண்டுகளில் மஞ்சளாகி நொறுங்கும். மேல் முனைக்கு அலுமினிய டேப், கீழ் முனைக்குக் காற்றுப் போகும் டேப். முனைகளை மூடாமல் விட்ட சீட்டின் குழல்களுக்குள் பச்சைப் பாசி வளர்ந்தால், கழுவி எடுக்க வழியே இல்லை. வெயிலில் சீட் விரியும் என்பதால் திருகாணியைவிட 3 மில்லிமீற்றர் பெரிதாகத் துளையிட்டு, ரப்பர் வளையம் போட்டு இறுக்குங்கள். பாஸ்மார் (கட்டட வேலைக்காரர்) கையில் ‘இன்னும் ஒரு சுற்று’ என்று இறுக்கும் பழக்கம் உண்டு. வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

வெயிலில் 50 வீதத்துக்கு மேல் மறைக்கும் நிழல் வலை வேண்டாம். கொக்கியில் மாட்டுங்கள், கம்பியால் கட்ட வேண்டாம். பனிமூட்டத்தில் நனைந்த வலை பொழுதெல்லாம் சொட்டும், காற்றில் ஓரம் கிழியும். மே தொடங்குமுன் கழற்றி மடித்து வைப்பது நல்லது.

வலையைவிடச் சௌசௌப் பந்தல் மேல். வெயில் மாதங்களில் அடர்ந்து நிற்கும், மழைக்கு முன் வெட்டிவிட்டால் வெளிச்சம் இறங்கும். தோட்டத்தில் முருக்கு மரத்தைப் பருவம் பார்த்துக் கிளை கழிக்கும் அதே முறைதான். காய்ப்பாரம் அதிகம், ஆகவே 4 அடிக்கு ஒரு ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாய்க்கால்; ஒவ்வொரு காலையும் தரையிலிருந்து 6 அங்குலம் உயர்ந்த கொங்கிறீட் மேடையில் நிறுத்துங்கள். மண்ணில் புதைத்த குழாய் மண்மட்டத்திலேயே துருப்பிடித்து ஒடியும். சவுக்கையும் கருப்பந்தைல (யூக்கலிப்டஸ்) மரத்தையும் இருக்கைக்கு அருகில் வைக்கவே வேண்டாம். காற்றில் கிளை முறியும்.

காற்றைத் தடுக்க மதில் கட்டுபவர்கள் ஏமாறுவார்கள். கெட்டிச் சுவரைத் தாண்டும் காற்று மறுபக்கம் சுழன்று இறங்கும். பாதிக் காற்றை விடும் வேலியே நல்லது. தேயிலைச் செடியையே 4 அடி உயரத்துக்கு வேலியாக விடலாம். நுவரெலியாவில் சரிவின் கீழ்ப்பக்க வேலியில் ஓர் இடைவெளி விட வேண்டும். குளிர்காற்று கனமானது, கீழே இறங்கி வேலியில் தேங்கினால் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி அங்கேதான் படியும்.

தரையை வழுவழுப்பாகப் பூசாதீர்கள். சீமெந்து இறுகுமுன் தும்புத்தடியால் நீரோட்டத்துக்குக் குறுக்கே கோடிழுத்து, 5 அடிக்கு ஓர் அங்குலத்துக்கும் சற்று மேல் வாட்டம் கொடுங்கள். கூரை நிழலில் பாசி எப்படியும் வரும், பிளீச்சிங் பவுடர் கரைசலும் கம்பித் தூரிகையும் போதும். வாசலை ஒட்டி மண் வெட்டிய இடத்தில் கருங்கல் கட்டு எழுப்பினால் 5 அடிக்கு ஒரு 2 அங்குல பீ.வி.சி குழாய் விட்டு, பின்னால் சல்லி நிரப்புங்கள். வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்கள். 2025 நவம்பர் டித்வா புயலின் மண்சரிவுகளுக்குப் பிறகு ஏன் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. திறந்த பகுதியில் புல்லுக்குப் பதில் முக்கால் அங்குலச் சல்லி 4 அங்குலக் கனத்தில் கொட்டினால் தண்ணீரும் இறங்கும், அட்டையும் குறையும்.